மலை ஹெம்ப்புக்கு எந்த வழி: தேர்ந்தெடுத்து ரகம் எடுப்பதா, மரபணுவில் கை வைப்பதா?

குருகிராமில் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு, உத்தராகண்டில் பௌரி பக்கம் ஒரு உழவர் குழுவோடு சேர்ந்து ஹெம்ப் (போதைப் பொருள் குறைந்த கஞ்சா வகை) பயிரிட இறங்கியிருக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: “அண்ணா, கையில இருக்கிற பணத்தை உள்ளூர் விதையில போட்டு ரகம் எடுக்கிறதா, இல்ல மரபணுத் திருத்தம் பண்ற ஆய்வகத்தோட ஒப்பந்தம் போடுறதா?” தில்லியில் விதை சம்பந்தப்பட்ட வேலையில் இருப்பதால் இதே கேள்வி வேறு வேறு வடிவத்தில் என்னிடம் வருகிறது, ராமகிருஷ்ணபுரத்திலிருந்தும் வரும், மயூர் விஹாரிலிருந்தும் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் விரிவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாருக்காகவும் விதைக்காகவும் மலையில் பயிரிடுபவர் என்றால் தேர்வு முறையில், அதாவது நல்ல செடிகளைப் பொறுக்கி அவற்றையே தலைமுறை தலைமுறையாகப் பெருக்கி, ரகம் எடுக்கும் வழியில்தான் பணத்தைப் போட வேண்டும். மருந்துக்காக மூடிய கூடத்தில் வளர்ப்பவர் என்றால் மரபணு வழியைத் தைரியமாக யோசிக்கலாம். இந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: நமக்கு வேண்டிய குணம் செடியில் எத்தனை மரபணுக்களில் உட்கார்ந்திருக்கிறது, அந்தச் செடி திறந்த வெளியில் நிற்கிறதா இல்லையா. மற்ற விவாதமெல்லாம் இதற்கு அப்புறம்.

சட்டத்தை முதலில் பேசிவிடுவோம், ஏனென்றால் அதைத் தெரியாமல் யாரும் ஒரு விதையைக்கூட மண்ணில் போடக் கூடாது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி உரிமம் இல்லாமல் கஞ்சாச் செடி வளர்ப்பது குற்றம், ஒரே ஒரு தொட்டிச் செடியானாலும் சரி. அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு நாருக்கும் விதைக்கும் தோட்டக்கலைப் பயன்பாட்டுக்கும் அரசு தனியாக அனுமதி தரலாம் என்கிறது. அந்தக் கதவை 2018இல் முதலில் திறந்த மாநிலம் உத்தராகண்ட். நிபந்தனை, செடியில் போதை தரும் பொருளான டிஹெச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாவரத்தில் ஹெம்ப்பும் கஞ்சாவும் ஒரே இனம், கன்னாபிஸ் சட்டைவா. இரண்டையும் பிரிப்பது இந்த எண் மட்டும்தான். இந்த 0.3 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், 1976இல் எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் கிராங்க்விஸ்ட் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் வகைப்பாட்டு வசதிக்காகப் போட்ட கோடு அது. இன்ன அளவுக்கு மேல் போனால் போதை ஏறும் என்று சோதித்துக் கண்டுபிடித்த அளவு இல்லை. இருந்தாலும் அமெரிக்காவின் 2018 பண்ணைச் சட்டத்திலும் அதே எண், ஐரோப்பிய ஒன்றியமும் 2023இலிருந்து 0.2ஐ விட்டு 0.3க்கு வந்துவிட்டது. ஆகவே உழவரைப் பொறுத்தவரை அந்தக் கோடுதான் எல்லாம். தாண்டினால் பயிரை அழிக்க வேண்டியதுதான்.

மலையில் இந்தச் செடி நேற்று வந்தது கிடையாது. கர்வால், குமாவூன் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகக் கயிறு திரிக்கவும், பாங்கேலா என்ற முரட்டுத் துணி நெய்யவும், விதைக்காகவும் இதை வளர்த்து வந்திருக்கிறார்கள். தில்லியில் வினோத் நகர் பக்கம் மலைக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அங்குள்ள பஹாடி சாமான் கடைகளில் பாங் (கஞ்சா) விதை பகிரங்கமாகக் கிடைக்கும். எங்கள் கீழ்வீட்டு கர்வாலி அம்மா அதை வாணலியில் படபடவென்று பொரியும் வரை வறுத்து, அம்மியில் பச்சை மிளகாய், புதினா, உப்பு வைத்து அரைத்து, கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிந்து சட்னி செய்வார்கள். அரைக்கும்போது நிறம் சாம்பலும் பச்சையுமாக இருக்கும், வாயில் வைத்தால் எள் துவையலுக்குப் பக்கத்தில் வருகிற ருசி, கொஞ்சம் கூடுதல் எண்ணெய்ப்பசை. போதை துளியும் கிடையாது, ஏனென்றால் டிஹெச்சி உண்டாவது பெண் பூவைச் சுற்றியுள்ள பிசின் சுரப்பிகளில், விதைக்குள் அது உருவாவதில்லை. இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2021 நவம்பரில் ஹெம்ப் விதையையும் அதன் எண்ணெயையும் மாவையும் உணவாக ஏற்றுக்கொண்டுவிட்டது.

பிரச்சினை என்னவென்றால் அந்த அம்மாவின் ஊரில் இருக்கும் நாட்டுச் செடிகள் பலவும் 0.3ஐத் தாண்டுபவை. ருசியான விதை, நல்ல நார், மலைக்குப் பழகிய உடம்பு, ஆனால் சட்டத்தின் கணக்கில் தேறாது. ஐரோப்பாவிலிருந்து சான்று பெற்ற விதையை இறக்கினால் டிஹெச்சி குறைவாக இருக்கும், செடி மலையில் தேறாது. கஞ்சா இரவு நீளும்போது பூக்கிற செடி. 45, 50 டிகிரி அட்சரேகையின் நீண்ட கோடைப் பகலுக்கென்று எடுத்த ரகத்தை 30 டிகிரியில் விதைத்தால், பகல் குட்டையாக இருப்பதைப் பார்த்துவிட்டு வளர்வதை நிறுத்திச் சீக்கிரமே பூத்துவிடும். முழங்கால் உயரத்திலோ இடுப்பு உயரத்திலோ பூத்து நிற்கிற செடியில் என்ன நார் எடுப்பது? ஆகவே மலைக்கேற்ற, டிஹெச்சி குறைந்த ரகம் ஒன்று வேண்டும், அதை எந்த வழியில் செய்வது என்பதுதான் கேள்வி.

செடிக்குள் நடப்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், முடிவு முழுக்க அதில்தான் இருக்கிறது. செடி முதலில் சிபிஜி அமிலம் என்ற ஒரு மூலப்பொருளைத் தயாரிக்கிறது. அதை ஒரு நொதி டிஹெச்சி அமிலமாக மாற்றுகிறது, இன்னொரு நொதி சிபிடி அமிலமாக மாற்றுகிறது. சிபிடி போதை தராதது. எந்த நொதி வேலை செய்யும் என்பதை மரபணுவில் ஒரே இடம் தீர்மானிக்கிறது. 2003இல் எட்டியன் டி மேயர் என்ற ஆய்வாளரின் குழு இதைக் கலப்புச் சோதனைகள் மூலம் காட்டியது. அந்த இடத்தில் தாய் வழி, தந்தை வழி என்று இரு பக்கமும் சிபிடி வடிவம் இருந்தால் சிபிடி செடி, இரு பக்கமும் டிஹெச்சி வடிவம் என்றால் போதைச் செடி, ஆளுக்கொன்று இருந்தால் இரண்டும் ஏறக்குறைய சமமாக வரும். அந்த இடத்தில் பல நகல்களும் செத்துப்போன மரபணுத் துண்டுகளும் குவிந்து கிடக்கின்றன என்பது பின்னால் மரபணுத் தொகுதியைப் படித்தபோது தெரியவந்தது. ஆனால் உழவர் கண்ணில் அது ஒரு சுவிட்ச் மாதிரிதான் நடந்துகொள்கிறது.

நாரின் அளவு, தண்டின் உயரம், எந்த நாளில் பூக்கும், விதை எத்தனை வரும், காற்றுக்குச் சாயுமா, மேகமூட்டமான ஆகஸ்டைத் தாங்குமா, இவற்றுக்குப் பெரும்பாலும் அப்படி ஒற்றை சுவிட்ச் கிடையாது. பல மரபணுக்கள் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகிற குணங்கள் இவை. இப்படிப்பட்ட குணங்களை மனிதன் நகர்த்தியதெல்லாம் தேர்வு முறையில்தான், நெல்லிலும் சரி பருத்தியிலும் சரி.

ஹெம்ப்பில் இதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஜெர்மனியின் குஸ்டாவ் பிரெடமான் கையாண்ட முறை. ஹெம்ப்பில் பெரும்பாலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. நல்ல நார் உள்ள ஆணை மட்டும் மகரந்தம் விட அனுமதிக்க வேண்டும், ஆனால் நாரை அளக்கச் செடியை வெட்டினால் மகரந்தம் இல்லை, வெட்டாமல் விட்டால் எது நல்ல ஆண் என்று தெரியாது. அவர் பூப்பதற்கு முன்பே ஆண் செடியின் தண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தார். ஒரு பாதியை எடுத்துப் போய் நாரை அளந்தார், மறுபாதி வேரோடு நின்று வாழ்ந்துகொண்டிருந்தது. அளவு குறைவாக வந்த ஆண்களையெல்லாம் பூக்கும் முன் பிடுங்கிவிட்டு, தேறியவற்றை மட்டும் மகரந்தம் விட வைத்தார். இதையே வருடா வருடம் செய்து, முப்பது வருடத்துக்குள் தண்டில் நாரின் பங்கை இரண்டு மடங்காக்கினார்கள். ஒரு ஆய்வகக் கருவியும் தேவைப்படாத முறை, பொறுமையும் ஒழுங்கும் மட்டும்தான் வேண்டியிருந்தது.

டிஹெச்சியைக் குறைத்ததும் இப்படித்தான். உக்ரைனில் ஹ்லூகிவ் ஊரில் உள்ள நார்ப்பயிர் ஆய்வு நிலையம் 1970களிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சோதித்து, அதிகம் வந்ததை ஒதுக்கி, யூஎஸ்ஓ வரிசை ரகங்களைக் கொண்டுவந்தது. அவற்றில் யூஎஸ்ஓ 31 கிட்டத்தட்ட எந்தக் கன்னாபினாய்டும் (டிஹெச்சி, சிபிடி போன்ற பொருட்களின் பொதுப்பெயர்) இல்லாத செடி. நமக்கு அதைவிட நெருக்கமான உதாரணம் சீனாவின் யுன்னான். மலை நாடு, உத்தராகண்டைவிடத் தெற்கே 25 டிகிரி பக்கம் இருக்கிறது, உள்ளூர்ச் செடிகளை வைத்தே அங்குள்ள வேளாண் ஆய்வு மையம் 2000களின் தொடக்கத்தில் யுன்மா 1 என்ற டிஹெச்சி குறைந்த ரகத்தை வெளியிட்டது. “குறைந்த அட்சரேகையில், மலையில் இது முடியுமா?” என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது யுன்னானைத்தான்.

தேர்வு முறைக்கு எதிராகச் சொல்வது எப்போதும் ஒன்றுதான், காலம். வருடத்துக்கு ஒரு பருவம், ஒரு ரகம் நிலைப்பட எட்டு பத்து வருடம் ஆகிவிடும். நார், விதை, பூக்கும் காலம் இவற்றைப் பொறுத்தவரை இது நியாயமான குறை. டிஹெச்சியைப் பொறுத்தவரை இன்றைக்கு அப்படிச் சொல்ல முடியாது. நாற்றுப் பருவத்திலேயே இலையில் ஒரு துண்டு கிள்ளி பிசிஆர் என்ற மரபணுச் சோதனை செய்தால் அந்த சுவிட்சில் எந்த வடிவம் இருக்கிறது என்று தெரிந்துவிடும், இரண்டும் கலந்த செடியைக்கூடத் தனியாகக் காட்டிவிடும். இரு பக்கமும் சிபிடி உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பூக்கும் முன் பிடுங்கினால், வெளி மகரந்தம் வராத பட்சத்தில், அடுத்த தலைமுறை முழுவதும் அதே வகையாகத்தான் இருக்கும். முன்பு பல தலைமுறை இழுத்த வேலை இப்போது ஒரே பருவத்தில் முடிகிறது. மரபணுவைப் படிக்கிறோம், மாற்றவில்லை. இதற்கு உயிரித் தொழில்நுட்ப அனுமதி எதுவும் தேவையில்லை, வாங்குபவரிடம் விளக்கவும் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. நாட்டு விதையில் சிபிடி வடிவம் உள்ள செடிகள் மிகக் குறைவாக இருந்தால், கிடைத்த பத்துப் பதினைந்தை வைத்து மட்டும் பெருக்கிவிடாதீர்கள். ஹெம்ப் அயல் மகரந்தச் சேர்க்கையில் வாழும் செடி, நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டு போனால் இரண்டு மூன்று தலைமுறையில் வீரியம் இழந்து நோஞ்சானாகிவிடும். நூற்றுக்கணக்கான தாய்ச்செடிகள் வேண்டும், பல கிராமங்களிலிருந்து வேண்டும். அதுவும் கிடைக்கவில்லை என்றால் டிஹெச்சி குறைந்த வெளி ரகத்தோடு ஒரு முறை கலந்து, பிறகு மூன்று நான்கு பருவம் நாட்டுச் செடியோடு திரும்பத் திரும்பக் கலந்து, ஒவ்வொரு முறையும் பிசிஆரில் பார்த்துக்கொண்டே வர வேண்டும். கூடுதல் வருடங்கள்தான், ஆனால் வழி தெளிவாக இருக்கிறது.

இப்போது மறுபக்கம். மரபணு வழி என்றால் இரண்டு தனித்தனி விஷயங்கள், இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் பாதி குழப்பம். வேறொரு உயிரின் மரபணுவைச் செடிக்குள் கொண்டுவந்து வைப்பது ஒன்று, பிடி பருத்தியில் நடந்தது அது. செடியின் சொந்த மரபணுவில் குறிப்பிட்ட இடத்தில் வெட்டி அதைச் செயலிழக்கச் செய்வது இன்னொன்று, கிரிஸ்பர் கத்திரியின் வேலை அது. இறுதிச் செடியில் வெளி மரபணு எதுவும் மிச்சம் இல்லாதபடி செய்ய முடியும்.

கஞ்சாவில் இரண்டுமே சுலபமாக நடக்கவில்லை. காரணம் கத்திரி இல்லை, செடி. ஒரு செல்லில் மாற்றம் செய்துவிட்டு அந்தச் செல்லிலிருந்து முழுச் செடியை வளர்த்தெடுக்க வேண்டும், திசு வளர்ப்பில் கஞ்சா அதற்கு லேசில் ஒத்துழைக்காது. 2003இலேயே ஹெம்ப் திசுவுக்குள் வெளி மரபணுவை நுழைத்துக் காட்டினார்கள், ஆனால் அங்கிருந்து முழுச் செடிக்கு வருவது பெரும்பாடாக இருந்தது. 2021இல்தான் சீன ஆய்வுக் குழு ஒன்று கிரிஸ்பர் மூலம் திருத்திய கஞ்சாச் செடிகளை வளர்த்துக் காட்டியது. பச்சையம் காக்கிற மரபணு ஒன்றை வெட்டியதால் வெள்ளை வெளேரென்று நின்ற நாற்றுகள் அவை, முறை வேலை செய்கிறது என்று கண்ணால் காட்டுவதற்காகவே அந்த மரபணுவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு வேகம் கூடியிருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் டிஹெச்சியும் சிபிடியும் இல்லாமல் சிபிஜி மட்டும் சேர்த்துவைக்கிற பேட்ஜர் ஜி என்ற ஹெம்ப்பை உருவாக்கிவிட்டது. 2025இல் ஏறக்குறைய 190 கஞ்சா மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட பெரிய ஆய்வு நேச்சர் இதழில் வந்தது, எந்த மரபணு எங்கே என்ற வரைபடம் கையில் இருப்பதால் இனி திருத்துபவர்களுக்கும் வசதி, தேர்வு செய்பவர்களுக்கும் வசதி.

பேட்ஜர் ஜி நல்ல சாதனை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பிரான்ஸில் சாந்திகா என்ற ஹெம்ப் ரகம் பல வருடங்களாகவே இருக்கிறது, அதுவும் டிஹெச்சி மிக அரிதான, சிபிஜி சேர்க்கும் செடிதான். இயற்கையிலேயே அந்த சுவிட்ச் பழுதாகிப்போன செடிகளைத் தேடிக் கண்டுபிடித்து, அதிலிருந்து எடுத்த ரகம். கிட்டத்தட்ட அதே இடத்துக்கு இரண்டு வழியிலும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஒரு குணம் இனத்துக்குள் எங்கேயாவது ஏற்கெனவே இருந்தால் அதைத் தேடி எடுப்பது மலிவு, எங்குமே இல்லாத குணம் வேண்டும் என்றால் மட்டுமே மரபணு வழிக்கு ஈடு இல்லை. ஆய்வகத்தோடு பேசப் போகிறவர் தனக்கு வேண்டிய குணம் இதில் எந்த வகை என்பதை எழுதி வைத்துக்கொண்டு போக வேண்டும்.

“ஒரே ஒரு மரபணுவைத் தொடுவதால் மற்றதெல்லாம் அப்படியே இருக்குமே, கலப்பு செய்தால் வேண்டாததும் சேர்ந்து வருமே” என்று மரபணுத் திருத்தக்காரர்கள் சொல்வது சரியான வாதம். ஆப்பிள், வாழை மாதிரி ஒரே தாயிலிருந்து பதியன் போட்டுப் பெருக்குகிற பயிருக்கு இது ரொம்பப் பொருந்தும். மலை ஹெம்ப் அப்படிப் பெருகுவது கிடையாது. பௌரி நாட்டு ரகம் என்பது ஒரு செடி இல்லை, ஒன்றுக்கொன்று வித்தியாசமான ஆயிரக்கணக்கான செடிகளின் கூட்டம். அந்த வித்தியாசம்தான் ஒரு வருடம் மழை தப்பினாலும் கொல்லையில் பாதியாவது தேற வைக்கிறது. ஆய்வகத்தில் திருத்தப்படுவது அந்தக் கூட்டத்தில் ஒரு செடி. அதைத் திரும்பக் கூட்டத்துக்குள் கொண்டுவர வேண்டுமானால் பல பருவம் கலப்பு செய்து தேர்ந்தெடுக்க வேண்டும். அதாவது எந்த வேலையைத் தவிர்க்கலாம் என்று ஆய்வகத்துக்குப் போனோமோ அதே வேலை வாசலில் காத்துக்கொண்டிருக்கும்.

அப்புறம் மகரந்தம். இதைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை, எனக்கு ஆதங்கமே இதில்தான். ஹெம்ப் மகரந்தம் காற்றில் கிலோமீட்டர் கணக்கில் போகும். ஆணும் பெண்ணும் ஒரே செடியில் வரும் ஹெம்ப் ரகங்களின் அடிப்படை விதை எடுக்க ஐரோப்பிய விதி 5 கிலோமீட்டர் இடைவெளி கேட்கிறது. உத்தராகண்டில் சாலை ஓரம், பாழ்நிலம், ஆற்றங்கரை என்று காட்டுக் கஞ்சா தானாக முளைத்து நிற்காத இடம் அபூர்வம். திருத்திய செடியின் வயலுக்குள் அந்தக் காட்டு மகரந்தம் வந்து விழுந்தால், அடுத்த வருட விதையில் உயிருள்ள டிஹெச்சி மரபணு ஒரு பக்கம் வந்து உட்கார்ந்துவிடும், டிஹெச்சி திரும்ப ஏறிவிடும். தேர்வு முறையில் எடுத்த ரகத்துக்கும் இதே கதிதான். எவ்வளவு நுட்பமான கத்திரியால் திருத்தினாலும் காற்றுக்கு அது தெரியாது. எனவே எந்த வழியில் போனாலும் தனிமைப்படுத்திய விதைப் பண்ணையும், வருடா வருடம் சோதித்த விதையும் கட்டாயம், அந்தச் செலவு இரண்டு பக்கமும் ஒன்றுதான். மரபணு வழிக்குப் போனவருக்கு மட்டும் எதிர்த்திசையிலும் ஒரு தலைவலி உண்டு. அவருடைய வயல் மகரந்தம் காட்டுச் செடிக்கும் பக்கத்து ஊர் சட்னி விதைக்கும் போகும். கஞ்சாவின் சொந்தக்காரச் செடிகள் இமயமலை அடிவாரம் முழுக்க நிற்கின்றன, அந்த மரபுச் செல்வத்துக்குள் பூச்சி எதிர்ப்போ களைக்கொல்லி எதிர்ப்போ போய்ச் சேர்ந்தால் யாராலும் திரும்ப எடுக்க முடியாது. என்னைக் கேட்டால் வெளி மரபணு கொண்ட ஹெம்ப்பைத் திறந்த வெளியில் மலையில் விதைக்கவே கூடாது. அந்த விஷயத்தில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

சட்டமும் அனுமதியும் பற்றி ஏற்கெனவே பாதி சொன்னேன், மீதி இது. வெளி மரபணு வைத்த பயிர் என்றால் 1989 விதிகளின்படி மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் அனுமதி வேண்டும். பிடி பருத்தி 2002இல் வந்தது, அதன் பிறகு இன்றுவரை வேறு எந்த மரபணு மாற்றப் பயிரும் வணிக ரீதியில் வயலுக்கு வரவில்லை. பிடி கத்தரிக்காய் 2010இல் நிறுத்திவைக்கப்பட்டது. கடுகுக்கு 2022 அக்டோபரில் அனுமதி கிடைத்தும், 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற அமர்வின் இரு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். உணவு எண்ணெய்க்கான கடுகுக்கே இந்த நிலை என்றால், போதைப்பொருள் சட்டத்தின் கீழும் வருகிற ஒரு செடிக்கு எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மரபணுத் திருத்தத்துக்கு வழி கொஞ்சம் அகலமானது. 2022 மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளி மரபணு இல்லாத திருத்தங்களை அந்த விதிகளின் பெரும்பகுதியிலிருந்து விலக்கியது. அதன் பலனாக 2025 மே மாதம், இங்கே தில்லியில் பூசா வேளாண் ஆய்வு வளாகத்தில் உருவான பூசா டிஎஸ்டி ரைஸ் 1, ஹைதராபாத்தில் உருவான கமலா என்ற இரண்டு திருத்திய நெல் ரகங்களை மத்திய அரசு அறிவித்தது. எனவே திருத்திய ஹெம்ப் இந்தியாவில் நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நெல்லுக்குப் பின்னால் பெரிய அரசு நிறுவனங்கள் நின்றன, ஹெம்ப்புக்கு இன்று அப்படி யாரும் இல்லை. அதோடு மலை உழவர் குழுக்கள் பலவும் இயற்கை வேளாண் சான்றிதழை நம்பித்தான் நல்ல விலை கேட்கின்றன, அந்தச் சான்றில் மரபணு மாற்றத்துக்கு இடம் இல்லை. அங்கே வாங்குபவரை இழந்தால் கையைக் கடித்துவிடும்.

விதை யாருக்குச் சொந்தம் என்பதையும் மறக்க வேண்டாம். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், உழவர்கள் தாங்கள் காலங்காலமாகக் காத்த ரகத்தைத் தங்கள் பெயரில் பதிவு செய்யவும், விளைந்த விதையை வைத்துத் திரும்ப விதைக்கவும் உரிமை தருகிறது. நாட்டு விதையிலிருந்து தேர்வு முறையில் எடுத்த ரகத்தில் கிராமத்தின் பெயரும் பங்கும் இருக்கும்படி ஒப்பந்தம் எழுத முடியும். ஆய்வகம் திருத்தித் தருகிற விதையில் பேரம் பேசும் பலம் எந்தப் பக்கம் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

தேர்வு முறை என்றாலே சாது, மரபணு என்றாலே பூதம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் டிஹெச்சி 1995இல் சுமார் 4 சதவீதம், 2014இல் சுமார் 12 சதவீதம். “இப்போதெல்லாம் மரபணு மாற்றிய கஞ்சாதான் வருகிறது, அதனால்தான் பிள்ளைகளுக்கு மண்டை குழம்புகிறது” என்று தில்லியில் படித்தவர்களே சொல்கிறார்கள். அந்த ஏற்றத்துக்கு மரபணு மாற்றம் காரணமே இல்லை, தேர்வு முறையும் வளர்ப்பு முறையும் மட்டும்தான். யாரோ வருடா வருடம் அதிகம் டிஹெச்சி உள்ள செடியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனார்கள். உக்ரைனில் கீழே இறக்கிய அதே கருவி அங்கே மேலே ஏற்றியது. இளம் பிள்ளைகளின் மூளைக்கு அது செய்யும் கெடுதலை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது, அதனால்தான் இயற்கை முறை என்ற பெயரைக் கேட்டவுடன் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள் என்கிறேன்.

மரபணு வழியை நானே பரிந்துரைக்கும் இடமும் உண்டு. சிபிடியைப் பூவிலிருந்து எடுக்கும் பயிரில் தேர்வு முறை ஒரு சுவரில் முட்டிக்கொள்கிறது. சிபிடியைத் தயாரிக்கும் நொதியே பக்கவிளைவாகக் கொஞ்சம் டிஹெச்சியையும் தயாரிக்கும், ஏறக்குறைய இருபதுக்கு ஒன்று. சிபிடி 10 சதவீதம் வந்தால் டிஹெச்சி 0.5க்குப் போய்விடும், கோட்டைத் தாண்டியாயிற்று. டிஹெச்சி மரபணு சுத்தமாக இல்லாத செடியிலும் இது நடக்கும், எத்தனை தலைமுறை தேர்ந்தெடுத்தாலும் அந்த விகிதம் பெரிதாக அசையாது. நார், விதைப் பயிரில் மொத்தக் கன்னாபினாய்டே குறைவு என்பதால் இந்தத் தொல்லை வராது. மருந்துக்காக, மூடிய கூடத்தில், மகரந்தமே இல்லாமல் பதியன் போட்டு வளர்க்கிறவருக்கு நொதியையே மாற்றி அமைப்பது நியாயமான ஆசை, காட்டுச் செடியைக் கெடுக்கும் பயமும் கிட்டத்தட்ட இல்லை. அவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 2019இல் பெர்க்லியில் ஜே கீஸ்லிங் குழு ஈஸ்ட்டுக்குள் மரபணுக்களை வைத்து, சர்க்கரையிலிருந்தே கன்னாபினாய்டுகளைத் தயாரித்துக் காட்டியது. மருந்துக்கு மூலக்கூறு மட்டும் போதும் என்றால் செடியே தேவைப்படாத காலம் வரலாம். இத்தனைக்கும் 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எபிடியோலெக்ஸ் என்ற வலிப்பு மருந்தின் சிபிடி, தேர்வு முறையில் எடுத்த செடிகளிலிருந்து வந்ததுதான்.

சரி, பௌரிக்குப் போகும் தம்பிக்கு நான் சொன்னது. இந்த நவம்பரில் அறுவடையாகும்போது வெவ்வேறு உயரத்திலுள்ள கிராமங்களிலிருந்து, சட்னிக்குப் பெயர்போன வீடுகளின் விதையையும் சேர்த்து, வீடு வாரியாகத் தனித்தனிப் பையில் வாங்குங்கள், எதையும் ஒன்றாகக் கொட்டிவிடாதீர்கள். அதற்கு முன் மாவட்டத்தில் உரிமத்துக்கும் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள், உரிமம் கைக்கு வரும் வரை ஒரு விதையும் முளைக்கக் கூடாது. பணத்தில் பெரும் பங்கு பிசிஆர் சோதனைக்கும் விதைப் பண்ணைக்கும் போகட்டும், கொஞ்சம் நாரையும் விதை எண்ணெயையும் அளக்கப் போகட்டும். மரபணு ஆய்வகத்திடம் இப்போது முன்பணம் எதுவும் வேண்டாம், நட்பு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு பத்து வருடத்தில் உங்களிடம் ஒரு நல்ல ரகம் இருந்தால் அவர்களே உங்களைத் தேடி வருவார்கள், திருத்துவதற்கும் ஒரு தரமான செடி வேண்டுமே.

விதைப் பண்ணைக்கு இடம் பார்ப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். சுற்றிலும் அடர்ந்த பைன் அல்லது ஓக் காடு இருந்து, சாலையும் கைவிட்ட வயல்களும் தள்ளி இருக்கிற ஒரு சின்னப் பள்ளத்தாக்காகப் பாருங்கள், மூடிய காட்டு நிழலில் காட்டுக் கஞ்சா தழைக்காது. குளிர்காலத்தில் போய்ப் பார்த்துவிட்டு இடம் சுத்தமாக இருக்கிறது என்று ஒப்பந்தம் போட்டுவிடாதீர்கள். ஆகஸ்ட் கடைசியில், மழை கொட்டும்போதே, குடையும் ரப்பர் செருப்புமாகப் போய் நாலா பக்கமும் நடந்து பாருங்கள். காட்டுச் செடி எங்கெல்லாம் ஆளுயரத்துக்கு நிற்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.